அடிக்கோட்டுக்குக் காவல்

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுத்த எங்கள் மலையகப் பிள்ளைகள், கொட்டகலையானாலும் ஹட்டனானாலும், நிரல் எழுதப் பழகுவது பைத்தன் மொழியில்தான். அந்த மொழியில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு சார்பின் பெயர் அடிக்கோட்டில் தொடங்கினால், அது தான் இருக்கும் மொடியூலின், அதாவது நிரல் கோப்பின், சொந்த வேலைக்கு உரியது, வெளியார் கூப்பிடக் கூடாது என்று அர்த்தம். 2001இல் எழுதப்பட்ட 'பெப் 8' என்ற நடைக் கையேடும் அப்படியே சொல்கிறது. மீறிக் கூப்பிட்டால் பைத்தன் தடுக்காது. நிரல் ஓடும், விடையும் சரியாக வரும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு தோட்டத்துக்கு இரண்டு மொடியூல்கள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஒன்று மடுவத்தில் நிறுத்த கொழுந்தைப் பதிவது. மற்றது மாத முடிவில் சம்பளமும் கைக்காசும் கணக்கிடுவது. நிறுவை மொடியூலுக்குள் சாக்கின் நிறையைக் கழிக்க '_கழிவு' என்று ஒரு சிறிய சார்பு. சம்பள மொடியூலை எழுதுகிறவர் அதைக் காண்கிறார், நேரே எடுத்துப் பயன்படுத்திவிடுகிறார். ஈரக் கொழுந்துக்கான கழிவைத் தனியாகத் தன் பக்கத்தில் எழுதிக்கொள்கிறார். சில மாதம் கழித்து நிறுவைப் பகுதிக்காரர், தன் சொந்தச் சார்புதானே என்று, ஈரக் கழிவையும் அதற்குள்ளேயே சேர்த்துவிடுகிறார். அவருடைய சோதனைகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. சம்பளப் பக்கத்திலோ ஈரம் இரண்டு தடவை கழிபடுகிறது. ஒரு பிழைச்செய்தியும் வராது. கொழுந்து பறித்த பெண் தன் சம்பளத் துண்டைப் பார்த்து, காசு குறைகிறதே என்று கேட்கும்போதுதான் விசயம் வெளியே வரும். அப்போதும் "கணினி கணக்குப் பார்த்தது, பிழைக்காது" என்று அவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இப்படி அடிக்கோடிட்ட தனிச்சார்பு விசயத்தை நான் வெறும் எழுத்துநடைப் பிரச்சினையாக எண்ணாததற்கு இதுவே காரணம்.

இதற்கான சிந்தனை 1972இலேயே வந்துவிட்டது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் பார்னஸ், அந்த ஆண்டு டிசம்பரில் வெளியான ஒரு கட்டுரையில், மென்பொருளை வேலை நடக்கும் வரிசைப்படி துண்டாக்காதீர்கள் என்றார். நாளை மாறக்கூடிய முடிவுகள் எவை என்று பாருங்கள், அவற்றை ஒவ்வொரு மொடியூலுக்குள் மறைத்து வையுங்கள் என்றார். சாக்குக்கு எவ்வளவு கழிப்பது என்பது அப்படி மறைய வேண்டிய ஒரு முடிவு. மறைத்துவிடலாம். மறைத்ததை வெளியார் தோண்டாமல் பார்ப்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

அந்த வேலையைச் செய்வது நிலைப் பகுப்பாய்வு. நிரலை ஓட்டாமல், எழுதியபடியே வாசித்துக் குறை சொல்லும் இன்னொரு நிரல் அது. சி மொழிக்காக 1978இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் எழுதிய 'லின்ட்' இந்தக் குடும்பத்தின் மூத்தது. பைத்தனுக்கு இன்று 'பைலின்ட்' இருக்கிறது. அது உங்கள் கோப்பை வாசித்து, எந்தச் சொல் எதற்குக் கீழே வருகிறது என்று ஒரு மரமாக அடுக்குகிறது. அந்த மரத்தில் ஏதாவது பொருளின் பெயருக்குப் பின் புள்ளி வைத்து, அடிக்கோட்டில் தொடங்கும் பெயர் வந்தால் நிற்கிறது. ஒரு வகுப்பு தன்னுடையதைத் தானே தொட்டால் விட்டுவிடுகிறது. வெளியாருடையதைத் தொட்டால் 'டபிள்யூ0212' என்ற எண்ணுடன் எச்சரிக்கிறது.

குருட்டுப் புள்ளிகளும் உண்டு. சார்பின் பெயரை ஓட்டத்தின்போது எழுத்தெழுத்தாகச் சேர்த்து அழைத்தால், வாசித்துப் பார்க்கும் கருவிக்குப் பிடிபடாது. மறுபக்கம், பைத்தனின் 'நேம்ட்டியூப்பிள்' என்ற அமைப்பில் '_ரிப்ளேஸ்', '_அஸ்டிக்ட்' போன்றவை அடிக்கோட்டோடு இருந்தும் எல்லோருக்கும் திறந்தவை. பயனர் வைக்கும் பெயர்களோடு மோதாதிருக்கவே அவற்றுக்கு அடிக்கோடு போட்டார்கள். அதனால் பைலின்ட் அவற்றை விதிவிலக்குப் பட்டியலில் வைத்திருக்கிறது.

கண்டிப்பான வழியும் இருக்கிறது, அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. கொழும்பில் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் உருவாக்கிய 'பலரினா' மொழியில் எல்லாமே இயல்பில் மூடியவை. 'பப்ளிக்' என்று எழுதினால் மட்டுமே ஒரு சார்பு மொடியூலுக்கு வெளியே தெரியும். மீறினால் தொகுப்பான் நிரலையே ஏற்காது. 2019 செப்டம்பரில் முதல் முழுப் பதிப்பு வந்தது. நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான சஞ்ஜீவ வீரவர்ணவும், எக்ஸ்எம்எல் தரம் உருவானபோது தொழில்நுட்பப் பக்கத்தை வழிநடத்திய ஜேம்ஸ் கிளார்க்கும் இந்த மொழியின் வடிவமைப்பில் பங்கெடுத்தவர்கள். இலங்கையில் உருவான ஒரு மொழி இந்த விசயத்தில் பைத்தனைவிட உறுதியாக நிற்பது எனக்குப் பெருமை.

ஆனால் முதலில் திறந்துவிட்டுப் பிறகு மூடுவது பெரிய பாடு. அதை ஜாவாவிடம் கேட்க வேண்டும். ஜாவாவின் உள்ளறையில் 'அன்சேஃப்', அதாவது 'பாதுகாப்பற்றது', என்று ஒரு வகுப்பு இருந்தது. நினைவகத்தை நேரடியாகத் தொடும் வசதி அதில் உண்டு. வெளியார் பயன்படுத்த வேண்டாம் என்று பெயரே சொன்னது. வேகத்துக்காக உலகமெங்கும் எழுதப்பட்ட நூலகங்கள் அதன்மேலேயே கட்டப்பட்டன. இப்படி உள்ளறைப் பொருள் பலவும் வெளியே புழங்கின. 2014 மார்ச்சில் வந்த ஜாவா 8, தடுப்பதற்கு முன் காட்டிக்கொடுக்கத் தொடங்கியது. 'ஜேடெப்ஸ்' என்ற கருவி உங்கள் நிரலை ஓட்டாமலே ஆராய்ந்து, எந்த வகுப்பு எந்த உள்ளறைப் பொருளைத் தொடுகிறது என்று பட்டியலிட்டது. அதற்குப் பதிலாக எதைப் பயன்படுத்தலாம் என்றும் பக்கத்திலேயே எழுதியது. 'பேஸ்64' குறியாக்கத்துக்கு உள்ளறை வகுப்பை எடுத்திருந்தால், ஜாவா 8 தந்த புதிய பொது வகுப்பைக் காட்டியது. 2017இல் ஜாவா 9 மொடியூல் முறையைக் கொண்டுவந்தது. அப்போதும் பழையதை எச்சரிக்கையோடு விட்டுவைத்தார்கள். 2021இல், ஜாவா 16இலும் 17இலும்தான் பெரும்பாலான கதவுகள் உண்மையாக மூடின. அன்சேஃபின் நினைவகச் சார்புகளை இனி நீக்குவோம் என்று அறிவித்தது 2024இல் வந்த ஜாவா 23.

பத்தாண்டு இழுத்ததைத் தோல்வியாக நான் பார்க்கவில்லை. மாற்று வழி தயாராகும்வரை கருவி வெறுமனே சுட்டிக்காட்டியது, தயாரான பிறகுதான் பூட்டு விழுந்தது. பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து, பிறகு எச்சரிக்கையை அடைத்துவிட்டுப் பேசாமல் போகிறார்கள்.

படிப்படியாகப் போக இன்னொரு வழியும் உண்டு. கனடாவின் ஷொப்பிஃபை நிறுவனம், ரூபி மொழி நிரல்களின் உள் எல்லைகளைக் காக்க, 2020இல் 'பேக்வேர்க்' என்ற கருவியை எல்லோருக்கும் திறந்துவிட்டது. பழைய மீறல்களை ஒரு கோப்பில் பதிந்துவைத்து, புதியவற்றை மட்டும் தடுக்கும் முறை அது. ஆயிரக்கணக்கான வரிகள் ஏற்கெனவே தவறியிருக்கும் இடத்தில் இதைவிட நியாயமான தொடக்கம் கிடையாது. ஆனால் 2023இல் வந்த மூன்றாம் பதிப்பில், உள்ளறைப் பொருள்களைக் காக்கும் பகுதியை மையக் கருவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அது இப்போது தனி இணைப்பாகவே கிடைக்கிறது. கருவி எதுவானாலும், எதை வெளியே காட்டுவது என்பதை மனிதர்தான் யோசிக்க வேண்டும். எச்சரிக்கையை நிறுத்துவதற்காக உள்சார்புக்கு மேலே ஒரு வெற்றுப் பொதுச்சார்பைப் போர்த்திவிட்டால் கருவி அமைதியாகிவிடும், சார்ந்திருத்தல் அப்படியே இருக்கும்.

பிள்ளைகளுக்கும் அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். பைலின்ட் இலவசம். ஒரு தடவை இறக்கி நிறுவிவிட்டால் இணைய இணைப்பு இல்லாமலும் வேலை செய்யும். இரண்டு பேர் சேர்ந்து செய்யும் செயற்றிட்டம் எதையும் ஒப்படைக்குமுன் அதில் ஓட்டிப் பாருங்கள். 0212 வந்தால் அதை அடைக்காதீர்கள். அந்த மொடியூலை எழுதிய நண்பரிடம் போய், எனக்கு இன்னது தேவை, பொதுவாக ஒரு சார்பு எழுதித் தா என்று கேளுங்கள். கேட்கப்பட்டவர் எழுதிக் கொடுங்கள்.