எந்த அங்குலம்?

மில்லிமீட்டரில் வரையப்பட்ட ஒரு சுவரொட்டியை, அங்குலத்தில் அளவு கேட்கும் அமெரிக்க அச்சகம் ஒன்றுக்கு அனுப்ப நேர்ந்தால், எந்த அங்குலத்தைக் கொண்டு கணக்கிடுவீர்கள்?

அங்குலம் ஒன்றுதானே என்று நினைப்பது இயல்பே. ஆயினும் 1959-ஆம் ஆண்டுக்கு முன்பு பிரிட்டிஷ் அங்குலமும் அமெரிக்க அங்குலமும், கண்ணுக்குப் புலனாகாத சூட்சுமமான பேதத்தோடு, தனித்தனி அளவுகளாகவே வழங்கி வந்தன. அவ்வாண்டில் பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா முதலிய ஆறு தேசங்கள், ஓர் அங்குலம் என்பது சரியாக 25.4 மில்லிமீட்டரே என்று உடன்பட்டு நிர்ணயித்தபோது, மெட்ரிக் முறையை அன்றாட வாழ்வில் அதுவரை ஏற்காதிருந்த அந்நாடுகள் அனைத்தின் அங்குலமும் மீட்டரையே ஆதாரமாகக் கொண்டு நிற்கலாயிற்று! அளவை சாஸ்திரத்தின் அழகிய விசித்திரங்களுள் இது ஒன்று என்றே கருதுகிறேன்.

இன்றைய கணினி அச்சுக்கோப்பில் எழுத்தின் பருமனைக் குறிக்கும் பாயிண்ட் என்பதும் அங்குலத்தின் 72-இல் ஒரு பங்குதான். ஆகவே, மில்லிமீட்டரில் அளந்து வெட்டிய ஏ4 தாளின் மீதும் அங்குலத்தின் சந்ததியே அச்சேறுகிறது.

மில்லிமீட்டரை 25.4-ஆல் வகுத்தால் கிடைப்பது உத்தேசமன்று, துல்லியமான அங்குலம். ஆதலால், தசமப் புள்ளிக்குப் பின்வரும் இலக்கங்களைச் சுருக்குவதைக் கணக்கின் இறுதியில் மட்டும் செய்யுங்கள்.