பெயர் ஒன்றுதான், ஆள் வேறு

எங்கள் வகுப்பில் குமார்கள் மூவர். ஒருவன் வராவிட்டால் எனக்கும் 'ஆப்சென்ட்' விழும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி மிதித்தவனுக்கு இது சிறு கவலையன்று.

நண்பர்களே, அமெரிக்கக் குடியுரிமை கேட்டோரையும் பெயரே தடுத்தது. 2001 தாக்குதலுக்குப் பின், 2002 டிசம்பரிலும் 2003 ஜனவரியிலும் சுமார் 27 லட்சம் பெயர்கள் மறுசோதனைக்காக எஃப்.பி.ஐ.க்கு அனுப்பப்பட்டன. குற்றம் செய்திருக்க வேண்டுவதில்லை. பழைய கோப்பொன்றில் சாட்சியாகவோ, அதே பெயருள்ள வேறொருவராகவோ அகப்பட்டாலே போதும். பல ஊர் அலுவலகங்களில் காகிதக் கோப்பைத் தேடியெடுத்து ஒருவர் படித்தாக வேண்டும். பெரும்பாலோர் சில நாட்களில் தேறினர். சிலரோ ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். வரி உண்டு, வாக்கு இல்லை!

நேர்காணல் முடிந்து 120 நாட்களில் முடிவு வராவிடில் நீதிமன்றம் செல்ல அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. பலர் சென்றனர். தேக்கம் தீர்ந்தது 2009இல். 2008 அதிபர் தேர்தல் அதற்குள் முடிந்திருந்தது.