சிறையிலிருந்து வந்த சந்தோஷக் கடிதம்



போனஸ் பணம் கைக்கு வந்த நாளில் வீடு கலகலப்பாக இருக்கும். மூன்று நாள் அடைமழை பிடித்துக்கொண்டாலோ மரம் சீவ முடியாது. கடைக்காரரின் கணக்குப் புத்தகம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் யாராவது வந்து நிலையான சந்தோஷத்தைப் பற்றிப் பேசினால், அது வயிறு நிறைந்தவர் பேச்சு என்று நமக்குத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆனால் புதிய ஏற்பாட்டில் சந்தோஷத்தைப் பற்றி மிகுதியாகப் பேசும் கடிதத்தை எழுதியவர் ஒரு கைதி. அப்போஸ்தலர் பவுல் பிலிப்பி நகரத்துச் சபையாருக்கு எழுதிய அந்தக் கடிதம் 4 அதிகாரங்களே கொண்டது. அதற்குள் சந்தோஷம், மகிழ்ச்சி என்று 10 தடவைக்கு மேல் சொல்லிவிடுகிறார்.

பிலிப்பி, கிரேக்க நாட்டின் வடபகுதியான மக்கெதோனியாவில் இருந்த ஊர். பவுலும் அவருடைய தோழர் சீலாவும் ஏறக்குறைய கி.பி. 50-இல் அங்கே வந்தார்கள். அவ்வூரில் குறி சொல்லும் ஓர் அடிமைப் பெண் இருந்தாள். அவள் குறி சொல்ல, அவளுடைய எஜமானர்கள் காசு பார்த்தார்கள். பவுல் அவளை அந்த ஆவியிலிருந்து விடுவித்தார். வருமானம் போயிற்றே என்ற ஆத்திரத்தில் எஜமானர்கள் இருவரையும் அதிகாரிகளிடம் இழுத்துப் போனார்கள். விசாரணை கிடையாது. ஊரறியக் கோலால் அடித்து, உட்சிறையில் தள்ளி, கால்களைத் தொழுமரத்தில் மாட்டினார்கள்.

நடு இரவில் அவ்விருவரும் ஜெபித்துப் பாடினார்கள். மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது நிலம் அதிர்ந்து கதவுகள் திறந்தன. கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று எண்ணிய சிறைக்காவலன், தன்னையே மாய்த்துக்கொள்ள வாளை உருவினான். பவுல் உரத்த குரலில் கூவித் தடுத்தார். அந்த இரவிலேயே அவன் அவர்களுடைய காயங்களைக் கழுவி, வீட்டுக்கு அழைத்துப் போய் உணவு கொடுத்தான்.

விடிந்ததும் நடந்ததை நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். கைதிகளை விட்டுவிடும்படி அதிகாரிகள் ஆள் அனுப்பினார்கள். பவுல் அசையவில்லை. ரோமக் குடிமக்களை விசாரிக்காமல் ஊரார் முன் அடித்துவிட்டு இப்போது இரகசியமாக அனுப்புவதா, அவர்களே நேரில் வந்து வெளியே அழைத்துப் போகட்டும் என்றார். அதிகாரிகள் பயந்துபோய் வந்து வேண்டிக்கொண்டார்கள். சந்தோஷமாயிரு என்பதற்கு, வாயை மூடிக்கொண்டிரு என்று பொருள் சொல்கிறவர்கள் எக்காலத்திலும் உண்டு. பிலிப்பியிலோ, இரவில் பாடிய வாய்தான் காலையில் நியாயம் கேட்டது.

ஏறக்குறைய 10 ஆண்டுகள் கழித்து, மறுபடியும் காவலில் இருக்கும்போது அவ்வூராருக்குப் பவுல் இக்கடிதத்தை எழுதினார். ரோமாபுரியிலிருந்து எழுதினார் என்பது நெடுநாளைய மரபு. வழக்கின் முடிவு விடுதலையா மரணமா என்று அவருக்கே தெரியாது. அக்காலத்தில் கைதிக்குச் சாப்பாடும் துணியும் பெரும்பாலும் உறவினரும் நண்பர்களுமே பார்த்துக்கொள்ள வேண்டும். பிலிப்பியார் எப்பாப்பிரோதீத்து என்ற நண்பரிடம் உதவி கொடுத்தனுப்பினார்கள். வந்த மனிதர் சாகுமளவுக்கு நோயில் விழுந்து பிழைத்தார். அவர் இறந்திருந்தால் துக்கத்தின்மேல் துக்கமாகியிருக்கும் என்று பவுல் மறைக்காமல் எழுதுகிறார். எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களுக்கு இடையிலிருந்த மனத்தாங்கலும் அவரை வருத்துகிறது. கண்ணீரோடு எழுதுவதாக ஓரிடத்தில் சொல்கிறார். ஆக, இந்தச் சந்தோஷம் அழத் தெரியாத சந்தோஷமன்று.

அப்படியானால் அது எதில் நிற்கிறது? தாழ்ந்து வந்து சிலுவையில் மாண்டு உயிர்த்தெழுந்த கிறிஸ்து தம்மோடு இருக்கிறார் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. கையில் இருப்பது குறையலாம், கூடலாம். கூட இருப்பவர் போய்விடுவதில்லை என்பதே பவுலின் கணக்கு. நிறைவிலும் குறைவிலும் ஒரேவிதமாக இருக்கும் அந்த நிலையைத் தமிழ் வேதாகமம் 'மனரம்மியம்' என்ற அழகான சொல்லால் குறிக்கிறது. அதைத் தாம் கற்றுக்கொண்டதாகப் பவுல் சொல்கிறார். ஒரே நாளில் வந்துவிட்டதாகச் சொல்லவில்லை. மரம் சீவப் பழகுகிறவர் முதல் நாளே பட்டையை அளவாகச் சீவிவிடுவதில்லை. பல மரங்களைக் காயப்படுத்திய பிறகுதான் கை அளவறிகிறது. மனமும் அப்படியே பழக வேண்டும்.

பழகும் வழியையும் கடைசி அதிகாரத்தில் எழுதுகிறார். கவலையை நெஞ்சில் பூட்டிவைக்காமல் ஜெபத்தில் இறைவனிடம் சொல்ல வேண்டும். கேட்கும்போதே நன்றியும் சொல்ல வேண்டும். ஜெபித்தால் கடைக் கடன் தீர்ந்துவிடும் என்று எங்கும் எழுதவில்லை. தேவ சமாதானம் உள்ளத்தைக் காவல் காக்கும் என்கிறார். காவலாளியின் கண்முன்னே நாட்களைக் கழித்தவர் அல்லவா, அந்தச் சொல்தான் அவருக்கு வருகிறது.

முடிவில் வாழ்த்து அனுப்புவோர் வரிசையில் பேரரசனின் அரண்மனையைச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். அரச குடும்பத்தார் என்று நினைத்துவிட வேண்டாம். அரண்மனையில் சமைத்தும், துணி வெளுத்தும், கணக்கு எழுதியும் பிழைத்த அடிமைகளும், விடுதலை பெற்ற பழைய அடிமைகளுமே அவர்களில் பெரும்பாலோர் என்பது அறிஞர் கருத்து. அவர்களுடைய வாழ்த்தைச் சுமந்துகொண்டு, நோயிலிருந்து எழுந்த எப்பாப்பிரோதீத்து ஊர் திரும்பினார்.