கரண்ட் போறதைவிட திரும்பி வரும்போதுதான் கிரிட்டுக்கு கண்டம்... ஏன் தெரியுமா?

சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியில் கரண்ட் போய், சில மணி நேரம் கழித்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வீடுகளில் ஃபேன், ஃப்ரிட்ஜ், ஏசி எல்லாம் ஒன்றாக ஓட ஆரம்பிக்கும். தோட்டத்தில் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்ட போர்வெல் மோட்டார் ஆள் இல்லாமலே கிளம்பிவிடும். ஒரு ஊர் என்றால் பரவாயில்லை. மாநிலமே இருண்டு கிடந்து திரும்பும்போது இதுதான் பெரிய தலைவலி.

கிரிட்டில் உற்பத்தியும் பயன்பாடும் நொடிக்கு நொடி சமமாக இருக்க வேண்டும். சமமா இல்லையா என்று காட்டுவது 50 ஹெர்ட்ஸ் என்ற அதிர்வெண். லோடு ஏறினால் அது இறங்கும். ரொம்ப இறங்கினால் மின் நிலையங்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தாமாகவே நின்றுவிடும். மறுபடி இருட்டு, மறுபடி முதலிலிருந்து! மோட்டார் கிளம்பும் கணத்தில் இழுக்கும் கரண்ட், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு என்பதால் முதல் சில நிமிடங்கள் ரொம்பவே முக்கியம்.

முதல் கரண்ட் எங்கிருந்து வரும்?

அனல் மின் நிலையம் ஓடவே கரண்ட் வேண்டும். நிலக்கரி அரைக்க, தண்ணீர் ஏற்ற, காற்று ஊத. அதனால் முதலில் எழுப்புவது பெரும்பாலும் நீர்மின் நிலையத்தை. சின்ன டீசல் ஜெனரேட்டர் இருந்தால் போதும், டர்பைன் சுற்றத் தொடங்கிவிடும். இதற்குப் பெயர் ‘பிளாக் ஸ்டார்ட்’. அங்கிருந்து லைன் வழியாக அனல் நிலையத்துக்கு கரண்ட் கொடுத்து, பிறகு ஊர் ஊராகச் சேர்ப்பார்கள்.

தண்ணீரின் பலம், சட்டென்று ஏறி இறங்குவது. 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு நாடே 9 நிமிடம் விளக்கை அணைத்தது ஞாபகம் இருக்கிறதா? சுமார் 31,000 மெகாவாட் லோடு திடீரென்று குறைந்தது. அதில் பாதிக்கு மேல் நீர்மின் நிலையங்கள்தான் குறைத்துச் சமாளித்தன. ஆனால் மேட்டூர் தண்ணீர் பாசனத்துக்கானது, நினைத்தபோது திறக்க முடியாது. அந்த வகையில் தண்ணீரை மேலே ஏற்றிவைத்துக்கொள்ளும் 400 மெகாவாட் காடம்பாறை நமக்குக் கிடைத்த வரம்.

2012 ஜூலை 30 அதிகாலை வடக்கு கிரிட் விழுந்தது. கிழக்கும் மேற்கும் கரண்ட் கொடுத்துத் தூக்கிவிட்டன. மறுநாள் மதியம் வடக்கோடு கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழ, சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதி பாதிக்கப்பட்டது. தெற்கு அன்று தனி கிரிட், தப்பித்தது. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர் - சோலாப்பூர் லைன் நம்மையும் இணைத்துவிட்டது. இனி ஆபத்திலும் பங்கு, உதவியிலும் பங்கு.

மாடியில் சோலார் இருக்கே, போதாதா? போதாது. பேட்டரி இல்லாத சாதாரண சோலார் இன்வெர்ட்டர், கிரிட் போனதும் தானும் நின்றுவிடும். லைனில் வேலை பார்ப்பவரின் உயிருக்காக அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். கிரிட் அளவுப் பேட்டரிகள் மீது இப்போது கவனம் திரும்பக் காரணமே, அவை நொடிக்கும் குறைவான நேரத்தில் கரண்ட்டை ஏற்றி இறக்கும் என்பதுதான்.

பேட்டரி வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆட்டோ ஸ்டார்ட்டரில் டைமர் வைத்து, மோட்டார்கள் சில நிமிட இடைவெளியில் கிளம்பும்படி செய்யலாம். வீட்டில் கரண்ட் போனதும் ஏசி, கீசர் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு, கரண்ட் வந்து பத்து நிமிடம் கழித்துப் போடலாம்.