பென்ஷன் ஊருக்கு வரும், அறை வராது!

மாதுங்கா, பரேல் பக்கத்துப் பழைய சால்களில் குடியிருக்கும் தமிழர்கள் ஓய்வு பெற்றதும் போடும் கணக்கு ஒன்று உண்டு. அறையைப் பூட்டிவிட்டு ஊரோடு போய்விட்டால், வரும் பென்ஷனில் எப்படியோ காலம் தள்ளலாம் என்பதே அது. வருங்கால வைப்புநிதிப் பென்ஷனுக்கு 2014 செப்டம்பரில் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். மும்பையில் அது காய்கறிக்கே காணாது.

பென்ஷனைப் பற்றிக் கவலையில்லை. 2025 ஜனவரி முதல் நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் அதைப் பெறலாம். ஆண்டுக்கொரு முறை தரவேண்டிய உயிர்ச்சான்றையும் ஊரிலிருந்தே கொடுத்துவிடலாம்.

அறைதான் சிக்கல். வாடகையை ஆண்டுக்கு 4 சதவீதம் மட்டுமே உயர்த்த அனுமதிக்கும் 1999-ம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைச் சட்டம் ஏழைக்குப் பெரிய வரம். ஆனால் அதே சட்டத்தின் 16-வது பிரிவின்படி, தக்க காரணமின்றித் தொடர்ந்து 6 மாதம் அறை பூட்டிக் கிடந்தால், காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் வழக்குப் போடலாம். வாடகை தவறாமல் கட்டியிருந்தாலும் சரி! எழுத்து மூலம் சம்மதம் வாங்காமல் உள்வாடகைக்கு விட்டால் அதுவும் வினைதான்.

குடியிருந்தவர் காலமானால், அப்போது அவருடன் வசித்த குடும்பத்தாருக்கே முதல் உரிமை. யாரும் உடன் இல்லையென்றால் வாரிசுகள் கோர்ட்டு வாசலை மிதிக்க நேரலாம்.

மகனோ மகளோ அறையில் தங்கியிருந்தால் நல்லது. இல்லையேல் இடையிடையே வந்து தங்கி, அடுப்பு மூட்டி, விளக்கேற்றிவிட்டுப் போகவேண்டும். வழக்கென்று வந்தால் வீட்டுக்காரர் நீட்டுவது பெரும்பாலும் மின்சார பில்லைத்தான்.