துருக்கி அறியாத வாக்குறுதி

1962 அக்டோபரில், கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் நிறுவப்படுவதை அமெரிக்க உளவு விமானம் படம்பிடித்தது. அணு ஆயுதப்போர் மூளுமோ என உலகம் அஞ்சியது. படையெடுக்குமாறு தளபதிகள் வற்புறுத்தியும் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி இணங்கவில்லை. கடற்படையைக் கொண்டு கியூபாவுக்கான ஆயுத வரவைத் தடுத்தார்.

அக்டோபர் 28 அன்று சோவியத் தலைவர் குருசேவ் ஏவுகணைகளை அகற்ற இசைந்தார். கியூபாவின்மீது படையெடுப்பதில்லை என்று அமெரிக்கா அளித்த உறுதியை உலகம் அறிந்தது. துருக்கியிலிருந்த தன் ஜூபிடர் ஏவுகணைகளையும் அமெரிக்கா அகற்றும் என்ற வாக்கோ மறைக்கப்பட்டது. துருக்கி 1952 முதல் நேட்டோ உறுப்பு நாடு. அதனைக் கலந்துகொள்ளாமலேயே அதன் பாதுகாப்பு பேரப்பொருளாயிற்று என்பது வெளிப்பட்டால், பிற கூட்டணி நாடுகளும் அமெரிக்காவை ஐயுறும் அன்றோ? எதிரணியின் நிலையும் வேறன்று. கியூபத் தலைவர் காஸ்ட்ரோவைக் கேளாமலேயே குருசேவ் முடிவெடுத்திருந்தார். 1963இல் துருக்கியிலிருந்து ஜூபிடர் ஏவுகணைகள் ஓசையின்றி அகற்றப்பட்டன.