தம்பி வர்றான்... விசா ரெடியா?

காலையில ஆறு மணி. நீங்க போர்வைக்குள்ள சுருண்டு கிடக்கிற நேரத்துல செல்போன் அலறுது. மெல்போர்ன்ல இருந்து சித்தி பையன்! ஜனவரின்னா அங்கே அப்போ பதினொன்றரை மணி. தம்பி செம ஃப்ரெஷ்.

''அக்கா, காலேஜ் லீவு விட்டாச்சு. பொங்கலுக்கு நான் மட்டும் தனியா வர்றேன். பாட்டியைப் பார்க்கணும். ஆனா, விசான்னா என்னன்னே தெரியலை. நீதான் சொல்லணும்!''

பையன் கையில இருக்கிறது ஆஸ்திரேலிய பாஸ்போர்ட். கடைசியா பாட்டி அவனைக் கட்டிப் பிடிச்சப்போ அவனுக்கு ஆறு வயசு. அதுக்கப்புறம் எல்லாமே வீடியோ கால்தான். பாட்டிக்கு எண்பது தாண்டியாச்சு. 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்'னு சொல்ற வயசா அது? அதனால, தூக்கத்தை உதறிட்டு எழுந்து உட்காருங்க பாஸ்!

நல்ல செய்தி என்னன்னா, தூதரக வாசல்ல க்யூ நிற்க வேண்டாம். 2014 நவம்பர்ல 43 நாட்டுக்காரங்களுக்குன்னு தொடங்கின ஆன்லைன் சுற்றுலா விசா, இன்னிக்கு 150 நாடுகளுக்கு மேல விரிஞ்சாச்சு. பேர் 'இ-டூரிஸ்ட் விசா'. சொந்தக்காரங்களைப் பார்க்க வர்றதும் இதுல அடக்கம். 30 நாள், ஒரு வருஷம், அஞ்சு வருஷம்னு மூணு ரகம். 30 நாள் விசாவுக்கு, வந்து இறங்கற தேதிக்கு முந்தின 30 நாளுக்குள்ளதான் அப்ளை பண்ண முடியும். கடைசி நாலு நாள்ல முழிச்சுக்கிட்டா அம்பேல்!

முதல் கண்ணி, வெப்சைட். கூகுள்ல தேடினா அரசாங்க சைட் மாதிரியே வேஷம் கட்டின சைட்டுகள் வரிசை கட்டும். உள்ளே போனா, கட்டணத்துக்கு மேல கட்டணம். முகவரியோட வால்ல 'ஜிஓவி டாட் இன்' இருக்கான்னு தம்பியைப் பார்க்கச் சொல்லுங்க. கட்டின பணம் எந்தக் காரணத்துக்கும் திரும்ப வராது.

ரெண்டாவது கண்ணி, நம்ம இனிஷியல்! தம்பியோட பாஸ்போர்ட்ல 'சர்நேம்' கட்டத்துல சித்தப்பா பேர் உட்கார்ந்திருக்கும். தம்பியோ ஸ்டைலா ஒரு எழுத்தை மட்டும் போட்டு வைப்பான். கூடவே கூடாது. பாஸ்போர்ட்ல எப்படியோ, ஃபார்ம்லயும் எழுத்துக்கு எழுத்து அப்படியே. பாஸ்போர்ட் வந்து இறங்கற நாள்ல இருந்து ஆறு மாசமாவது செல்லணும், ரெண்டு பக்கம் காலியா இருக்கணும். ஸ்கேன் பண்ணின பக்கம் பி.டி.எஃப்.ல 300 கே.பி.க்குள்ள, போட்டோ வெள்ளைப் பின்னணியில சதுரமா.

அப்பா, அம்மா பிறந்த ஊரையும் கேட்பாங்க. சித்தி பிறந்த கிராமத்தோட பேர் அவனுக்கு எங்கே தெரியப் போகுது? பாட்டிகிட்ட கேட்டுச் சொல்லுங்க. பாட்டியும் ஒரு மணி நேரம் ஊர்க்கதை சொல்வாங்க. போனஸ்!

அடுத்து, 'இந்தியாவில் ரெஃபரன்ஸ்' கட்டம். உங்க வேலை இங்கேதான். பேர், முகவரி, போன் நம்பர் கொடுக்கணும். தெரியாத நம்பர்னா கட் பண்ற ஆளா நீங்க? அப்ப அப்பா நம்பரைக் கொடுங்க. கேட்டா, தம்பி யார், எத்தனை நாள் தங்குவான்னு தெளிவா பதில் சொல்லணும்.

''இங்கேயே ரெண்டு மாசம் ஏதாவது கம்பெனியில வேலை பார்த்துட்டுப் போகட்டுமே''னு மாமா யாராவது ஐடியா கொடுப்பார். கும்பிட்டு மறுத்துடுங்க. சுற்றுலா விசாவுல சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. மாட்டினா, மாமாவுக்கு ஒண்ணும் ஆகாது. தம்பிக்குத்தான் அடுத்த முறை கதவு சாத்தும்.

ஸ்டேட்டஸ்ல 'கிராண்டட்'னு வந்த பிறகுதான் விமானம் ஏறணும். அந்தப் பிரின்ட் அவுட்டைக் கைப்பையில வைக்கச் சொல்லுங்க. 30 நாள் விசாவுல அச்சாகி இருக்கிற காலாவதி தேதி, நாட்டுக்குள்ள நுழையக் கடைசி நாள். ஊர் திரும்பற தேதி இல்லை. 30 நாள் கணக்கு இறங்கின நாள்ல இருந்துதான் ஆரம்பம்.

வந்தாச்சா? உடனே பிரியாணி சாப்பிடக் கிளம்பாதீங்க. வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர் நம்ம வீட்டுல தங்கினா, 24 மணி நேரத்துக்குள்ள குடிவரவுத் துறை சைட்ல தகவல் பதியணும். லாட்ஜுக்கு மட்டும்தான்னு பலரும் நினைக்கறாங்க. சொந்தக்காரங்க வீட்டுக்கும் அதே சட்டம்தான்.

இவ்வளவுதாங்க. சிபாரிசு வேண்டாம், புரோக்கர் வேண்டாம். பொய் இல்லாத ஃபார்ம், எடுக்கற போன், ஞாபகம் வச்சுக்கற தேதி... இந்த மூணும் போதும்.

வாசல்ல தம்பி வந்து நிற்கும்போது, பாட்டி விசாவையெல்லாம் கேட்க மாட்டாங்க. ''ஏண்டா இப்படி இளைச்சுட்டே?''னுதான் கேட்பாங்க. அந்த ஒரு கேள்விக்காக, ரெண்டு நாள் தூக்கத்தைத் தொலைக்கலாம்தானே?